சித்திரை, வைகாசிப் பூந்தோட்டத்தில் ஒரு காலை நடை: அறிகுறி வழியே குறை நீக்கும் முறை

சித்திரையும் வைகாசியும் தமிழ்நாட்டுச் சமவெளியில் வீட்டுப் பூந்தோட்டம் நிறைந்து நிற்கும் மாதங்கள். பங்குனியிலேயே அரும்பு விடத் தொடங்கிய குண்டுமல்லி இப்போது நாள் தவறாமல் பூக்கிறது. முல்லையும் பிச்சியும் அதைத் தொடர்கின்றன. நந்தியாவட்டை, அரளி, செம்பருத்தி, இட்லிப்பூ, காகிதப்பூ ஆகியவை வெயிலைப் பொருட்படுத்தாமல் மலர்கின்றன. அதே மாதங்களில்தான் அக்கினி நட்சத்திர வெயில் மண்ணைக் காய்ச்சுகிறது, கிணற்று நீரில் உப்பு ஏறுகிறது, இடையிடையே கோடை மழை வந்து இலைகளை நனைத்துவிட்டுப் போகிறது. ஆகவே பூத்துக் குலுங்கும் செடியில் ஒரு குறை தோன்றும்போது, அது பூச்சியால் வந்ததா, நோயால் வந்ததா, வெயிலால் வந்ததா, நீரால் வந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடிவதில்லை. வீட்டுத் தோட்டங்களில் செடிகளை அதிகம் கெடுப்பவை, காரணம் தெரியுமுன் தெளிக்கப்படும் மருந்தும் அளவின்றிக் கொட்டப்படும் உரமும்தான் என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிமுறை அந்த அவசரத்தைத் தவிர்ப்பதற்காகவே எழுதப்படுகிறது.

ஒரு நாளில் இரண்டு முறை தோட்டத்தைச் சுற்றி வருவது போதும். காலை ஆறு மணியளவில் இலைகள் இரவு முழுதும் நீரை உறிஞ்சி நிமிர்ந்து நிற்கும். அந்த நேரத்திலும் ஒரு செடி வாடியிருந்தால் அதன் வேரில் குறை இருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். மாலையில் மொட்டுப் பறிக்கும் நேரத்தில் மற்றொரு முறை பார்க்க வேண்டும். கையில் கிளை நறுக்கும் ஒரு கவாத்துக் கத்திரி, ஒரு கைலென்ஸ், ஒரு வெள்ளைத் தாள், சோப்பு நீர் ஊற்றிய மூடியுள்ள டப்பா ஆகியவை இருந்தால் போதுமானது. ஒவ்வொரு செடியின் முன்னும் நின்று மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குறை முதிர்ந்த இலையில் தோன்றுகிறதா, கொழுந்தில் தோன்றுகிறதா? செடி முழுவதும் பரவியிருக்கிறதா, ஒரு கிளையோடு நிற்கிறதா? அருகிலுள்ள வேறு வகைச் செடிகளிலும் அதே குறை தெரிகிறதா? கீழே சொல்லப்படும் எல்லாத் தீர்வுகளும் இந்த மூன்று விடைகளைச் சார்ந்தே அமைகின்றன.

மல்லிகை மொட்டு ஊதா நிறமாகி உதிர்கிறது

இந்தப் பருவத்தில் மிகுதியாகக் காணப்படும் குறை இதுவே. முதலில் செடி எது என்பதை உறுதி செய்துகொள்ளவும். பிச்சி என்றும் ஜாதிமல்லி என்றும் வழங்கும் செடியின் மொட்டு வெளிப்புறத்தில் இயல்பாகவே இளஞ்சிவப்புச் சாயல் கொண்டது. அதற்கு மருத்துவம் எதுவும் தேவையில்லை. குண்டுமல்லியின் மொட்டோ பச்சையிலிருந்து வெண்மைக்குத்தான் மாற வேண்டும். அது ஊதா நிறத்துக்கு மாறினால் இரண்டு பூச்சிகளில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும், அவ்விரண்டையும் பிரித்தறியாமல் செய்யும் வைத்தியம் பாதிப் பயனையே தரும்.

நிறம் மாறிய பத்துப் பன்னிரண்டு மொட்டுகளைப் பறித்து வெள்ளைத் தாளில் பரப்பி லென்ஸால் பார்க்கவும். மொட்டின் பக்கவாட்டில் சிறு துளையும், துளையின் வாயில் கழிவும், பக்கத்து மொட்டுகளைப் பிணைக்கும் மெல்லிய நூலும் தெரிந்தால் அது மொட்டுப்புழு. ஒரு புழுவே கொத்திலுள்ள பல மொட்டுகளுக்குள் அடுத்தடுத்துப் புகுந்து இதழ்களைத் தின்பதால், ஒரு துளையுள்ள மொட்டைக் கண்டால் அந்தக் கொத்து முழுவதையும் கிள்ளிச் சோப்பு நீரில் போடுவதே சிக்கனமான வழி. துளை எதுவும் இல்லாமல் மொட்டின் அடிப்பகுதி மட்டும் தடித்து, காம்பும் வீங்கி, மொட்டு குட்டையாக நின்றுவிட்டால் அது மொட்டு ஈயின் வேலை. அத்தகைய மொட்டை நகத்தால் பிளந்தால் உள்ளே மிகச் சிறிய வெளிர்நிறப் புழுக்கள் நெளிவதைக் காணலாம்.

மொட்டுப்புழுவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் நல்ல பயன் தரும். ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பம் பருப்புத் தூளை இரவில் ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, சிறிதளவு காதி சோப்புக் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் மொட்டுக் கொத்துகள் நனையும்படி தெளிக்க வேண்டும். அன்றைய பூவைப் பறித்து முடித்த பிறகே தெளிக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், தலையில் சூடும் பூவாகவும் சாமிக்குச் சாத்தும் பூவாகவும் இருப்பதால் சொல்லிவைக்கிறேன். வாரம் ஒரு முறை என்று மூன்று வாரம் தொடர்ந்தால் புதிதாகப் பொரிக்கும் புழுக்களும் அடங்கும்.

மொட்டு ஈக்கு இந்தத் தெளிப்பு மட்டும் போதாது. அதன் புழு மொட்டுக்குள் வளர்ந்து, மண்ணில் விழுந்து, அங்கே கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக மேலெழும். ஆகவே வைத்தியம் மண்ணிலும் நடக்க வேண்டும். செடியைச் சுற்றி இரண்டு அங்குல ஆழத்துக்குக் களைக்கொத்தால் மண்ணைக் கிளறி ஒரு நாள் வெயிலில் காயவிட்டு, அதன்பின் ஒரு செடிக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குத் தூளைக் கலந்து நீர் விடவும். கோடையில் செடியடி மண்ணைச் சருகால் மூடி மூடாக்குப் போடும் பழக்கம் மிக நல்லதுதான் என்றாலும், மொட்டு ஈ கண்ட செடியின் கீழே கிடக்கும் பழைய சருகை ஒருமுறை முழுவதுமாக அகற்றிவிட்டு, மண்ணைக் கிளறிய பின்னரே புதிய மூடாக்கை இட வேண்டும். உதிர்ந்த மொட்டுகளை நாள்தோறும் பெருக்கி எடுப்பது இதில் பாதி வைத்தியம். அவற்றை உரக்குழியில் போடக் கூடாது. பாலிதீன் பையில் கட்டி இரண்டு நாள் கடும் வெயிலில் வைத்தபின் அப்புறப்படுத்தலாம். இதே ஈ செம்பருத்தி மொட்டுகளையும் தாக்கக்கூடியது என்பதால், இரண்டு செடிகளும் அருகருகே இருக்கும் தோட்டத்தில் இரண்டின் அடிமண்ணையும் ஒரே நாளில் கிளறுவது நல்லது.

மல்லிகை தழைத்து நிற்கிறது, அரும்பு இல்லை

பூச்சியும் இல்லை, இலையில் குறையும் இல்லை, கொடி மட்டும் நீண்டு சுவரில் ஏறுகிறது என்றால் காரணத்தை மாதக் கணக்கில் பின்னோக்கித் தேட வேண்டும். மல்லிகை புதிய தளிரில்தான் பூக்கும். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்தில் கவாத்துச் செய்ய வேண்டும். முல்லைக்கு அது ஜனவரி கடைசி வாரம். அந்தக் கவாத்துத் தவறியிருந்தால் கோடைப் பூ குறைவதில் வியப்பில்லை. இப்போது சித்திரையில் முழுக் கவாத்துச் செய்ய முற்படக் கூடாது. வெயிலில் இலையற்ற கொம்புகள் காய்ந்துவிடும். நீண்ட கொடிகளின் நுனியில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் கிள்ளிவிட்டால், இரண்டு மூன்று வாரங்களில் பக்கத் தளிர் வந்து அதில் அரும்பு கட்டும். ஒவ்வொரு பூச்சுற்று முடிந்த பிறகும் இந்த நுனி கிள்ளலைச் செய்யலாம்.

அடுத்த காரணம் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மல்லிகைக்குப் பரிந்துரைக்கும் அளவில், ஒரு செடிக்கு ஓர் ஆண்டுக்குத் தழைச்சத்து 60 கிராம் என்றால் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) தலா 120 கிராம். அதையும் கவாத்துக்குப் பின் ஒரு பாதி, ஜூன், ஜூலையில் மறு பாதி என்று பிரித்தே தரச் சொல்கிறது. மற்ற இரண்டில் பாதியளவே தழைச்சத்து என்ற அந்த விகிதத்தை மனத்தில் கொண்டால், கடலைப் பிண்ணாக்குக் கரைசலையும் புதுச் சாணத்தையும் வாரந்தோறும் ஊற்றுவது ஏன் இலையை மட்டும் வளர்க்கிறது என்பது விளங்கும். அத்தகைய செடிக்கு ஒரு மாதம் தழைச்சத்து தரும் எதையும் நிறுத்திவிட்டு, எலும்புத் தூளும் சிறிதளவு மரச்சாம்பலும் இடலாம். கார மண்ணாக இருந்தால் சாம்பலைத் தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது காரணம் நிழல். நடும்போது வெயில்பட்ட இடம், பக்கத்து மாமரமோ முருங்கையோ வளர்ந்த பின் நிழலாகியிருக்கலாம். குறைந்தது அரை நாள் நேரடி வெயில் இல்லாத மல்லிகைக்கு எந்த உரமும் பூவைத் தராது.

இலை மஞ்சளாகிறது

தோட்டக் கேள்விகளில் இதுவே முதன்மையானது. விடைகளில் மிகுதியும் தவறாக இருப்பதும் இதற்குத்தான். மஞ்சள் கண்டவுடன் உரம் இடுவதை முதலில் நிறுத்த வேண்டும். மஞ்சள் எங்கே தொடங்கியது என்பதே வழியைப் பிரிக்கும் இடம்.

கொழுந்து இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை. மல்லிகையிலும் இட்லிப்பூச் செடியிலும் ரோஜாவிலும் இது தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாமல் போவதில்லை. மண்ணின் காரத்தன்மை அதை வேர் எடுக்க முடியாத வடிவில் கட்டிவைக்கிறது. சுண்ணாம்புக் கலவை உதிர்ந்த சுவரோரத்தில் நிற்கும் இட்லிப்பூச் செடி மஞ்சளாகவும், அதே வரிசையில் சுவரிலிருந்து தள்ளி நிற்கும் செடி பச்சையாகவும் இருப்பதைப் பார்த்தால் காரணம் கண்முன் விளங்கும். கோடையில் ஆழ்துளைக் கிணற்றின் கடின நீரை மட்டுமே நம்பியிருக்கும் தோட்டங்களில் இந்தக் குறை சித்திரையில் மிகும்.

இதற்கு ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து மாலையில் இலைவழித் தெளிப்பாகக் கொடுத்து, பச்சை திரும்பும் வரை மாதம் ஒரு முறை தொடர வேண்டும். கடின நீரில் அன்னபேதி துருநிறமாகத் திரிந்து வீணாகிவிடும் என்பதால், பிடித்துவைத்த மழைநீரையோ சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்த நீரையோ பயன்படுத்தவும். தெளிப்பு வெள்ளைச் சுவரிலும் தரை ஓட்டிலும் பட்டால் துருக்கறை போகாது. தெளித்தபின் பழைய மஞ்சள் இலையைப் பார்த்து மனம் தளர வேண்டாம். புதிதாக வரும் கொழுந்து பச்சையாக வருகிறதா என்பதுதான் அளவுகோல். நிலையான தீர்வு மண்ணில் இருக்கிறது. நன்கு மக்கிய தொழுவுரமும் இலைமக்கும் ஆண்டுதோறும் சேரும் மண்ணில் இந்தக் குறை படிப்படியாகத் தணிகிறது.

கீழுள்ள முதிர்ந்த இலைகள் நரம்பு உட்பட ஒரே சீராக வெளுத்து, செடியும் மெலிந்து நின்றால் அது தழைச்சத்துக் குறை. முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மக்னீசியக் குறை என்று கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் மண் மாற்றாத தொட்டிகளில் இது சாதாரணம். அடியில் ஒன்றிரண்டு இலைகள் மட்டும் மஞ்சளாகி விழுவது முதுமை, குறை அன்று.

செடி முழுவதும் மஞ்சளாகி, ஈர மண்ணில் நிற்கும்போதே வாடுகிறது என்றால் வேரைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. ஓரத்தில் மண்ணை விலக்கி ஒரு விரல்நீள வேரை வெட்டியெடுத்துக் கழுவவும். வேர் பழுப்பாகி, தோல் உருவி வந்து, கெட்ட வாடை வீசினால் அது வேரழுகல். வடிகாலைச் சீர்செய்து, நீரைக் குறைத்து, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் பூஞ்சாண மருந்து கலந்த கரைசலை வேர்ப்பகுதி நனையும்படி ஊற்ற வேண்டும். வேரில் சிறு முடிச்சுகள் மணி மணியாகத் திரண்டிருந்தால் அது நூற்புழு. கனகாம்பரம் நூற்புழுவுக்கு மிக எளிதில் ஆட்படும் செடி. முற்றிய நிலையில் அதைக் காப்பாற்ற முயல்வதைவிட வேரோடு அகற்றி, அந்த இடத்தில் ஒரு பருவம் துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக வளர்ப்பதே நல்லது. துலுக்கச் சாமந்தியின் வேரிலுள்ள பொருள்கள் நூற்புழுக்களை ஒடுக்கும் தன்மை கொண்டவை. பூத்து முடிந்தபின் வேரை அந்த மண்ணிலேயே மக்கவிட வேண்டும். நூற்புழு கண்ட மண்ணைப் பக்கத்துப் பாத்திக்கு மண்வெட்டியோடு கொண்டு போகாமல் இருப்பதும் அதே அளவு முக்கியமானது.

ஒரே மஞ்சள் நிறத்துக்கு இத்தனை காரணங்கள் இருப்பதால்தான் இந்தப் பகுதியை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். அன்னபேதி தேவைப்படும் செடிக்கு யூரியாவும், வேரழுகல் கண்ட செடிக்குக் கூடுதல் நீரும் கிடைப்பது அடிக்கடி நேர்கிறது.

மல்லிகை இலையிலும் தளிரிலும் வெண்ணிறப் பஞ்சு போன்ற படலம்

இதைச் சாம்பல் நோய் என்று எண்ணிப் பூஞ்சாண மருந்து தெளிப்போர் பலர். இலை, இளந்தண்டு, மொட்டு ஆகியவற்றில் கம்பளி ஒட்டியதுபோல் நுண்முடிகள் அடர்ந்திருந்தால், அது கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைச் சிலந்திப்பேன் உறிஞ்சுவதால் செடியே உண்டாக்கும் வளர்ச்சி. விரலால் தேய்த்தால் தூளாக உதிராது. சாம்பல் நோயின் பூச்சு தேய்த்தவுடன் விரலில் ஒட்டிக்கொள்ளும். சிலந்திப்பேனுக்கு லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் வழக்கமான மருந்து. எனினும் கந்தகம் 32 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெயிலில் இலையைக் கருக்கக்கூடியது, வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் தெளித்தாலும் அதே தீங்கு நேரும். அக்கினி நட்சத்திர நாள்களில் நான் பரிந்துரைப்பது கத்திரியைத்தான். பாதித்த தளிர்களை வெட்டி அகற்றிவிட்டு, கோடை மழைக்குப்பின் வெப்பம் தணியும் நாள்களுக்காகக் கந்தகத்தை ஒத்திவைக்கலாம்.

இலையின் மேற்புறம் பொடிப்பொடியாக வெளுத்து, அடிப்புறம் மெல்லிய வலையோடு செம்பழுப்பாக மாறினால் அது செம்பேன். துலுக்கச் சாமந்தியிலும் ரோஜாவிலும் வறண்ட காற்றுள்ள வாரங்களில் இது விரைந்து பெருகும். காலை வேளையில் இலையின் அடிப்புறத்தில் வலுவாக நீரைப் பீய்ச்சியடித்தால், தொடக்க நிலையில் அதுவே பெரும்பாலும் போதும்.

ரோஜா மொட்டு விரியாமல் ஓரம் கருகுகிறது

மொட்டு ஒன்றைப் பறித்து வெள்ளைத் தாளின்மேல் தட்டவும். ஊசிமுனை அளவில் நீண்ட வெளிர்மஞ்சள் பூச்சிகள் ஓடினால் அவை இலைப்பேன்கள். மொட்டின் இதழடுக்குகளுக்குள் ஒளிந்து சாற்றை உறிஞ்சுவதால் வெளியே தெளிக்கும் மருந்து அவற்றை எளிதில் எட்டுவதில்லை. கெட்ட மொட்டுகள் அனைத்தையும் கிள்ளிச் சோப்பு நீரில் அமிழ்த்தி, நீலநிற ஒட்டுப்பொறியைச் செடியின் உயரத்தில் கட்டி, லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்போடு கலந்து மாலையில் தெளிக்கவும். பூச்சி எதுவும் தாளில் விழாமல் மேற்கு நோக்கிய இதழ்கள் மட்டும் கருகியிருந்தால் அது வெயில். பிற்பகல் நிழல் தரும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்தினால் போதும். கோடையில் ரோஜாப் பூ சிறுத்து நிறம் வெளிறுவது இயல்பு, அதற்கு உரம் ஏற்றக் கூடாது.

கிளையின் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கறுத்துக் காய்ந்து வருவது நுனிக்கருகல் நோய். கறுப்பு முடியும் இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே, உள்மரம் வெண்மையாகத் தெரியும் வரை வெட்டி, வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு பசையைத் தடவவும். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் கத்திரியை மருத்துவ ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் நோயைக் கையாலேயே அடுத்த கிளைக்குக் கொண்டு சேர்ப்பதாகும். கோடை மழைக்குப்பின் இலையில் ஓரம் பிசிறிய கரும்புள்ளிகள் தோன்றி இலை மஞ்சளாகி உதிர்ந்தால் அது கரும்புள்ளி நோய். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரித்து, இனி இலை நனையாமல் அடியில் மட்டும் நீர் விட வேண்டும்.

ரோஜா இலையின் ஓரத்தில் கத்திரியால் வெட்டியதுபோல் சீரான அரைவட்டங்கள் காணப்பட்டால் எதையும் தெளிக்க வேண்டாம். அது இலைவெட்டித் தேனீ தன் கூட்டை அமைக்க எடுத்துச் சென்ற துண்டு. அத்தேனீ இலையைத் தின்பதில்லை. தோட்டத்தில் மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் உயிர் அது. சில இலைகளின் அழகை அதற்காக விட்டுக்கொடுக்கலாம்.

ஒட்டு ரோஜாவில் ஒரே ஒரு கிளை மட்டும் வேகமாக உயர்ந்து, இலையின் அமைப்பும் மாறி, பூக்காமல் இருந்தால் அது ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பிய போத்து. தரைமட்டத்தில் வெட்டினால் மீண்டும் வரும் என்பதால், மண்ணை விலக்கி அது புறப்படும் இடத்திலேயே பிய்த்தெடுக்க வேண்டும்.

செம்பருத்தியில் வெள்ளை மாவு, கறுத்த இலை, எறும்பு வரிசை

இம்மூன்றும் ஒரே குறையின் மூன்று முகங்கள். மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை வெளியேற்றுகிறது. அந்தக் கழிவின்மேல் கரும்பூசணம் வளர்கிறது. அந்த இனிப்புக் கழிவை உண்ண வரும் எறும்பு, மாவுப்பூச்சியை அதன் பகைப்பூச்சிகளிடமிருந்து காக்கிறது. ஆகவே கறுத்த இலைக்குப் பூஞ்சாண மருந்து தெளிப்பதால் பயனில்லை. முதலில் எறும்பின் பாதையை அடைக்க வேண்டும். தொட்டிச் செடி என்றால் தொட்டியை நீர் நிரம்பிய தட்டில் செங்கல்மேல் வைக்கலாம். தரைச் செடி என்றால் சுவரையும் கம்பியையும் தொடும் கிளைகளை வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றிப் பசைத்தாள் கட்டலாம். அதன்பின் மாவு மிகுந்த நுனிகளை வெட்டியெறிந்து, எஞ்சியவற்றை நீரைப் பீய்ச்சிக் கழுவி, சோப்பு கலந்த வேப்பெண்ணெயை வாரம் ஒரு முறை தெளித்தால் ஒரு மாதத்தில் செடி தேறிவிடும்.

தெளிப்பதற்கு முன் லென்ஸால் ஒருமுறை பார்க்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழுவும் வெண்ணிற மெழுகு இழைகளால் மூடப்பட்டு, பெரிய மாவுப்பூச்சி போலவே தோன்றும். மாவுப்பூச்சி பெரும்பாலும் அசையாமல் ஒட்டியிருக்கும். அதைவிடப் பெரிதாகவும் நீண்ட இழைகளோடும் வேகமாக ஊர்ந்து செல்வது பொறிவண்டின் புழு. அவை கண்ணில் பட்டால் தெளிப்பை நிறுத்திப் பத்து நாள் காத்திருப்பது மேலானது. இயற்கைப் பகையின் வலிமையைத் தமிழ்நாடு கண்கூடாகக் கண்டிருக்கிறது. 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டுப் பப்பாளி, மல்பெரி, செம்பருத்தி என்று பரவிய பப்பாளி மாவுப்பூச்சியை மருந்துகளால் அடக்க முடியாத நிலையில், 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள் வயல்களில் விடப்பட்ட பிறகே அது கட்டுக்குள் வந்தது.

மாவும் இல்லை, மொட்டு மட்டும் மஞ்சளாகி உதிர்கிறது என்றால் மொட்டைப் பிளந்து பாருங்கள். புழு இருந்தால் மேலே சொன்ன மொட்டு ஈ. இல்லையென்றால் நீர் ஒரு நாள் மிகுந்தும் ஒரு நாள் இன்றியும் கிடைத்திருக்கும்; தொட்டிச் செம்பருத்தி அந்த ஏற்றத்தாழ்வைப் பொறுக்காது.

நந்தியாவட்டை, அரளி இலைகள் ஒரே இரவில் காணாமற்போகின்றன

செடியின் கீழே மிளகளவு கரும்பச்சை எச்சங்கள் கிடந்தால், மேலே பச்சை நிறத்தில் விரல்பருமனுள்ள புழு ஒன்று இருக்கும். தலையருகே நீலக் கண் போன்ற இரு புள்ளிகள் கொண்ட அது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. வளர்ந்த செடி இந்த இழப்பைத் தாங்கி மீண்டும் தளிர்க்கும். சிறு செடியாக இருந்தால் குச்சியால் புழுவை எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றினால் போதும். அரளியில் வெள்ளியால் வார்த்தது போன்ற கூட்டுப்புழு தொங்கினால் அது காக்கைக் கறுப்பு நிறப் பட்டாம்பூச்சி ஒன்றினுடையது. குழந்தைகளை அழைத்துக் காட்டத் தக்க காட்சி. எனினும் அரளியின் இலையும் பாலும் விதையும் நச்சுடையவை, ஆகவே குழந்தைகள் தொட்டால் உடனே கைகழுவச் செய்யவும், வெட்டிய கிளைகளை ஆடு மாடு தொடாத இடத்தில் போடவும்.

காகிதப்பூவில் இலை மட்டும்

நீரைக் குறைக்கவும், உரத்தை நிறுத்தவும், முழு வெயிலில் வைக்கவும். இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை.

நண்பகலில் வாட்டம், இலை நுனிக் கருகல்

நண்பகலில் வாடி மாலையில் தானாக நிமிரும் செடிக்கு நீர் தேவையில்லை. இலை இழக்கும் வேகத்துக்கு வேர் ஈடுகொடுக்க இயலாத சில மணி நேரம் அது. அந்நேரத்தில் மண் ஈரமாக இருக்கும்போதே மேலும் நீர் ஊற்றுவது வேரழுகலுக்கு வழிவகுக்கும். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் செலுத்திப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றவும். மொட்டைமாடியில் கறுப்புத் தொட்டிகளின் வெளிச்சுவர் பிற்பகலில் தொட முடியாத அளவுக்குச் சூடேறி, ஓரத்து வேர்களை வேகவைத்துவிடும். தொட்டிகளை நெருக்கி வைத்து மேற்குப் பக்கத்தைச் சாக்கால் மறைப்பதும், சிறிய தொட்டியைப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி இடையில் தேங்காய் நாரைத் திணிப்பதும் நல்ல பலன் தரும்.

இலையின் நுனியும் ஓரமும் பழுப்பாகிக் கருகி, தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவம் காணப்பட்டால் அது உப்பு. கடின நீரும், கழுவாத தேங்காய் நார்க்கழிவும், அளவு மீறிய உரமும் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. மாதம் ஒரு முறை தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்கு நல்ல நீரை மெல்ல ஊற்றி அடித்துளை வழியே வடியவிட வேண்டும். தட்டில் தேங்கிய அந்த நீரைத் திரும்ப ஊற்றக் கூடாது.

பூக்கவில்லை, ஆனால் குறையும் இல்லை

சில செடிகள் இப்போது பூக்காமல் இருப்பது அவற்றின் இயல்பு. செவ்வந்தி பகல் குறுகும் காலத்தில்தான் மொட்டுக் கட்டும். டிசம்பர் பூ பனிக்காலத்துக்கு உரியது. பவழமல்லி மழைக்காலத்தில்தான் வாசலை நிறைக்கும். இவற்றுக்குப் பூக்கத் தூண்டும் கரைசல் எதையும் சித்திரையில் வாங்கி ஊற்ற வேண்டாம். காலை ஆறு மணிக்கு மூடியிருக்கும் பத்துமணிப் பூ வெயில் ஏறியபின் விரியும், மேகமூட்டமான நாளில் விரியாமலும் இருக்கலாம். அந்திமந்தாரை மாலையில்தான் மலரும். இவற்றைக் காலை நடையில் மட்டும் பார்த்துக் குறை காண்பது பொருந்தாது.

எந்த வரிசையிலும் அடங்காத அறிகுறி

மேற்சொன்ன எதனோடும் பொருந்தாத அறிகுறி தென்பட்டால், முதலில் மூன்று நாள் காலை மாலை இருவேளையும் அதே இலையைக் கைப்பேசியில் படமெடுத்து, பரவுகிறதா என்று பார்க்கவும். பரவாத புள்ளிக்கு அவசரம் இல்லை. பரவினால், நோய் தொடங்கும் நிலையிலுள்ள இலை, முற்றிய இலை, நல்ல இலை ஆகிய மூன்றும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாளில் சுற்றி, வேர்ப்பகுதி மண்ணில் ஒரு கைப்பிடியைத் தனியாகக் கட்டி, மாவட்டத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கோ அன்றே எடுத்துச் செல்லவும். பாலிதீன் பையில் கட்டினால் வெயிலில் வெந்து அறிகுறியே மாறிவிடும். எந்த நீரை ஊற்றுகிறீர்கள், கடைசியாக எதை எப்போது தெளித்தீர்கள், எந்த உரத்தை எவ்வளவு இட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி உடன் கொண்டு போனால், அங்கே பார்ப்பவரின் வேலை பாதியாகக் குறையும்.